ஒரே ஒரு தடவை ஓடும் ஃப்ளாப்பி

“அக்கா கை பட்டாலே ஃப்ளாப்பி செத்துப்போகுது சார். அதுக்கு நான் என்ன பண்ண?” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

ரத்த வங்கியின் பதிவு அறை. நாற்காலியில் தலையைக் குனிந்தபடி, எல்லாரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் தற்காலிகப் பதிவாளர். கதவருகே மேனேஜர். மனுஷனுக்கு ஆபீஸ் வைத்த பெயர் ‘கறார்’.

அந்தப் பழைய மிஷின் தானாக எழுந்திருக்காது. லினக்ஸ் மென்பொருளை எழுதிய ஃப்ளாப்பியைச் செருகினால்தான் உயிர் வரும். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலும் அப்போதுதான் வரும். கம்ப்யூட்டர்காரர் புதுசாக ஒரு ஃப்ளாப்பி எழுதிக் கொண்டுவந்து, எல்லார் கண்ணெதிரிலும் ஜம்மென்று ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார். மறுநாள் காலை அக்கா போட்டால் திரை கறுப்பாக இருக்கும். இந்த வாரத்தில் இது நாலாவது.

முந்தாநாள் அவசரமாக ரத்தம் கேட்டு போன் வந்தபோது பட்டியல் வரவில்லை. அரை மணி நேரம் பழைய நோட்டுகளைப் புரட்டித்தான் ஆளைப் பிடித்தார்கள். விஷயம் தலைமை அலுவலகம் வரை போய்விட்டது.

“இன்னைக்கு நாலு மணிக்குள்ள யார் தப்புன்னு பேர் கேட்டிருக்காங்க. நீங்க ரெண்டு பேருமே ஒப்பந்த ஆளுங்க. பேர் போனா வேலை போச்சு. உட்கார்ந்து கண்டுபிடிங்க,” என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

“நீங்க போடுங்கக்கா. நான் பக்கத்துலயே நிக்கறேன்,” என்றார் கம்ப்யூட்டர்காரர், கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற தோரணையில்.

அவர் அப்போதே எழுதிக் கொடுத்த புது ஃப்ளாப்பியை அக்கா போட்டார். மிஷின் எழுந்தது. முறைப்படி அணைத்தார். ஓரத்தைப் பிடித்து எடுத்து உறையில் வைத்தார். மறுபடி எடுத்துப் போட்டார்.

கறுப்பு.

“பார்த்தீங்களா!” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இமைக்காமல் பார்த்துக்கொண்டுதானே நின்றார்? அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை.

“தம்பி, இந்தத் தடவை நீங்களே போடுங்க. நான் தொடவே மாட்டேன்.” அக்கா கைகளைக் கட்டிக்கொண்டார்.

கம்ப்யூட்டர்காரரே இன்னொன்று எழுதினார். அவரே போட்டார். ஓடியது. அவரே அணைத்து, அவரே மறுபடி போட்டார்.

கறுப்பு.

கம்ப்யூட்டர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் எந்த ஃப்ளாப்பியையும் அவர் இரண்டாவது தடவை போட்டுப் பார்த்ததே இல்லை.

தன் லேப்டாப்பில் அதைத் திறந்தார். எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்லும் முதல் வரி இருக்க வேண்டிய இடத்தில், அவருடைய பெயர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ‘1-ஆவது முறை’.

போன வாரம் அவரே ஆசைப்பட்டுச் சேர்த்த அலங்காரம் அது. மிஷின் எழும்போதெல்லாம் தன் பெயரையும், எத்தனையாவது முறை என்பதையும் ஃப்ளாப்பியில் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார். எந்த இடத்தில் குறிக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

“அக்கா... தப்பு என்னோடது.”

திட்டு விழும் என்று காத்திருந்தார். அக்காவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அப்பாடா! என் கைக்குத்தான் ராசியில்லைன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் தம்பி. வீட்ல வாஷிங் மெஷினைத் தொடவே பயமா இருந்துச்சு.”

கம்ப்யூட்டர்காரர் அந்த அலங்காரத்தை எடுத்துவிட்டு ஃப்ளாப்பியை மறுபடி எழுதினார். ஃப்ளாப்பியின் மூலையில் இருந்த சின்னக் கதவைத் தள்ளி, இனி யாரும் அதில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டினார். அக்கா போட்டுப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. மிஷின் சமர்த்தாக எழுந்தது.

மணி நாலு. மேனேஜர் வந்து நின்றார்.

“ஓடுதா?”

“ஓடுது சார்.”

“யார் தப்பு?”

‘ஃப்ளாப்பி மட்டமான சரக்கு சார்’ என்பது கம்ப்யூட்டர்காரரின் நாக்கு நுனி வரை வந்தது. அவர் கடையே பாதி இந்த ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. ஒரு வாரமாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

“என் தப்புதான் சார். அக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. என் பேரை எழுதிக்கோங்க.”

“வேண்டாம் சார், பாவம்! வேணும்னேவா செஞ்சார்?” அக்கா பதறி எழுந்துவிட்டார்.

மேனேஜர் பேனாவை எடுக்கவே இல்லை.

“எழுதலையா சார்?” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

“எதுக்கு? மிஷின் ஓடணும்னுதான் கெடு சொன்னேன். ஒப்பந்த ஆள் பேர் போனா நீக்கம். நிரந்தர ஆள் பேர் போனா வெறும் எச்சரிக்கைக் கடிதம். அதான், நேத்து சாயங்காலமே என் பேரை எழுதி அனுப்பிட்டேன்.”