பம்ப் ஸ்டவ்

மூன்றாவது ஸ்டவ்வை அவள் இன்னும் தொடவில்லை.

முதல் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஒன்று, சின்ன கேஸ் டப்பாவின் தலையில் திருகி மாட்டுவது. உள்ளங்கைக்குள் அடங்கியது. இன்னொன்று ஸ்பிரிட் ஊற்றி எரிப்பது. டீ கிளாஸ் உயரம்கூட இல்லை.

மூன்றாவதற்கு ஓர் அலுமினிய பாட்டில். பாட்டிலின் கழுத்தில் பம்ப். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் முனையில், கால்களை மடக்கிக்கொண்டு பர்னர்.

"இது மண்ணெண்ணெய்ங்க," என்றார் கடைக்காரர் நசீர்.

அவள் துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ரெஜினா கேஸ் ஸ்டவ்வை அவள் பக்கம் நகர்த்தினாள். இருவருக்கும் கோவையில் ஒரே அலுவலகம். தோழிகள் சிலரோடு லடாக்கில் மலை ஏறப் போகிறார்கள். சமையல் அவள் பொறுப்பு. அவளே கேட்டு வாங்கிக்கொண்டது.

"இதையே எடுத்துக்கலாம். எடையே இல்ல."

"குளிர்ல எது எரியும்?" அவள் நசீரைக் கேட்டாள்.

"நம்ம வால்பாறைப் பக்கம்னா கேஸ் போதுங்க. லடாக்னா விடியக்காலைல கேஸ் சோர்ந்துரும். டப்பாவை ஃப்ளைட்லயும் ஏத்த விடமாட்டாங்க. மண்ணெண்ணெய்னா அங்கயே வாங்கிக்கலாம். எந்தக் குளிர்லயும் எரியும்."

ரெஜினா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, இவளுக்கு முன்னாடி ஸ்டவ் வெடிச்சிருக்கு. அது வேண்டாம்."

நசீர் உடனே பாட்டிலை உள்ளே எடுத்துவைக்கப் போனார்.

"வெடிக்கல," என்றாள் அவள்.

அவள் ரெஜினா பக்கம் திரும்பினாள்.

"ஸ்டவ் வெடிக்கல, ரெஜினா. அன்னிக்கு அதை நான் பத்தவே வைக்கல."

ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் வெடித்தது என்றுதான் சொன்னாள். கட்டிலின் தலைமாட்டில் அவள் கணவன் நின்றிருந்தான். அவனை விட்டு வந்த பிறகும், கழுத்துத் தழும்பைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

அதன் பிறகு அவள் வீட்டில் தீயே கிடையாது. சமையல் கரண்ட் அடுப்பில். சாமி படத்துக்குச் சின்ன பல்பு.

ரெஜினா அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பத்த வச்சுக் காட்டுங்க," என்றாள் அவள் நசீரிடம். உடனே தலையசைத்தாள். "இல்ல. எப்படின்னு சொல்லுங்க. நானே வைக்கிறேன்."

கடையின் மொட்டைமாடிக்குப் போனார்கள்.

நசீர் சொன்னார். அவள் செய்தாள். பர்னரின் கால்களை விரித்து நிறுத்தினாள். பம்ப் அடித்தாள். பர்னருக்கு அடியில் இருந்த குழியில் கொஞ்சம் மண்ணெண்ணெயைக் கசியவிட்டாள்.

வாசனை வந்தது.

அவள் கால்கள் தாமாகப் பின்வாங்கின. கைப்பிடிச் சுவரில் முதுகு முட்டியது. அங்கேயே நின்றாள். கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

திரும்பி வந்தாள். குந்தி உட்கார்ந்தாள். துப்பட்டாவைக் கழற்றி ரெஜினாவிடம் கொடுத்தாள். தீக்குச்சியை உரசினாள்.

தீ மஞ்சளாக எழுந்தது. புகைந்தது. முகத்தில் சூடு பட்டது.

"சூடேறட்டுங்க. கொஞ்சம் பொறுங்க," என்றார் நசீர்.

பொறுத்தாள்.

மஞ்சள் தணிந்தபோது பாட்டிலின் கழுத்திலிருந்த குமிழைத் திருகினாள். புஸ்ஸென்று சீறி, நீலமாக நின்றது.

குறைத்தாள். குறைந்தது.

கூட்டினாள். கூடியது.

மறுபடி குறைத்தாள்.

சொன்னபடி கேட்டது.

அவள் சிரித்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் ரெஜினா அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

"இதையே குடுங்க," என்றாள்.



லடாக்கில் ஆற்றங்கரையில் கூடாரம். விடிந்தபோது கூடாரத் துணி உறைந்து விறைத்திருந்தது. வாளித் தண்ணீரில் மேலே பனி ஏடு.

பக்கத்தில் தங்கியிருந்த பெங்களூர்க்காரர்கள் கேஸ் ஸ்டவ்வைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். சுடர் மெழுகுவத்தி அளவுக்கு எரிந்து அணைந்தது. ஒருவர் டப்பாவை ஜாக்கெட்டுக்குள் போட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

அவள் கற்களை அடுக்கிக் காற்றை மறைத்தாள். பம்ப் அடித்தாள். உரசினாள். பொறுத்தாள். திருகினாள்.

அந்த இரைச்சலில் எல்லாரும் திரும்பினார்கள்.

முதலில் தன் ஆட்களுக்கு டீ. பிறகு சேமியா உப்புமா. பிறகு ஒரு பாத்திரம் தயங்கித் தயங்கி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூட்டை சுமக்கும் குதிரைகளை ஓட்டி வந்தவரும் தன் கெட்டிலோடு வந்து நின்றார்.

"வரிசையா வாங்க," என்றாள் தமிழிலேயே. எல்லாருக்கும் புரிந்தது.

ஜாக்கெட்டுக்காரருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். வெந்நீரை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"இவ்ளோ சத்தம். பயம் இல்லையா மேடம்?"

"நான்தானே பத்த வச்சேன்," என்றாள்.

கடைசிப் பாத்திரமும் கொதித்து இறங்கியது. சிகரத்தின் நுனியில் வெயில் பட்டது. அவள் குமிழை மூடினாள். இரைச்சல் அடங்கியதும் ஆறு கேட்டது.

ரெஜினாவின் டம்ளரில் மீதி டீயை ஊற்றினாள்.

"ஊருக்குப் போனதும் ஒரு வக்கீலைப் பாக்கணும். அன்னிக்குப் போலீஸ்ல சொன்னதை மாத்திச் சொல்லணும். உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

ரெஜினா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"இருக்காங்க. நானும் வர்றேன்."

"சரி. கிளம்பலாம் வா."

கணவாய்க்கு இன்னும் பாதி மலை ஏற வேண்டியிருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.