ஒடியாவைத் திருப்பிக் கொடுத்த நாள்

பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்த சரசாத்தாளுக்கு அன்றோடு வேலை முடிந்தது. கம்பெனி கொடுத்ததை எல்லாம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அடையாள அட்டை, கத்திரி, பிறகு ஒடியா மொழி. ஒடிசாவிலிருந்து வந்த பெண்களிடம் வேலை வாங்குவதற்காக, நாற்பத்தைந்து வயதில் பயிற்சி வகுப்பில் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, ஒரே நாளில் அவள் தலைக்குள் கம்பெனி ஏற்றிவிட்ட மொழி அது.

"கத்திரிய வேணும்னா வச்சுக்கங்க்கா. பாஷையத்தான் விடமாட்டாங்க" என்றார் கிளார்க்.

"ஊட்ல மருமவளுக்கு ஒடியா தவிர வேற தெரியாதுங்க. ஒம்பதாம் மாசம். மவன் கப்பல்ல இருக்கறான்."

கிளார்க் தலை குனிந்துகொண்டார். "பேசறதுன்னா இப்பவே பேசிருங்க்கா."

சரசாத்தாள் வீட்டுக்குப் போன் செய்தாள். எந்த வலிக்குப் பயப்பட வேண்டாம், எந்த வலி வந்தால் பக்கத்து வீட்டைக் கூப்பிட வேண்டும் என்று மருமகள் ஜுனுவுக்கு நிதானமாகச் சொல்லி முடித்தாள். ஜுனு அழுதாள். பிறகு ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதற்குள் கிளார்க் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சரசாத்தாளின் நெற்றியில், மொழியைத் திரும்ப எடுக்க, அதே பட்டையைக் கட்டினார்.

பாதிப் பேச்சில் அர்த்தம் போய்விட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சரசாத்தாள் போனை வைக்கவில்லை. ஜுனு நிறுத்திய இடங்களில் எல்லாம், "ம், சொல்லு கண்ணு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.