பருந்தின் கடைசி அத்தியாயம்

"முன்னுரை எழுதிட்டேன். ஆனா உன் புத்தகத்தோட கடைசி அத்தியாயத்தை மட்டும் ஏன் அனுப்பல?" என்று கேட்டார் தளபதி.

பருந்து தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பருந்து என்பது பத்திரிகைகள் வைத்த பெயர். போரின் மூன்றாம் நாள், மேகத்துக்குள் புகுந்து எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்திய இளம் விமானி அவர். அன்று அவர் பறந்த விமானத் தளத்துக்குத் தலைவராக இருந்து, பிறகு படைக்கே தளபதி ஆனவர் எதிரே இருந்தவர். இப்போது இருவருமே ஓய்வு பெற்றவர்கள்.

"நேர்ல குடுக்கலாம்னு வச்சிருந்தேன் சார். முப்பது வருஷமா சொல்ல வந்து சொல்லாத விஷயம்."

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"எங்க விட்டாங்க? பதக்கம் குத்தும்போது வாயைத் திறந்தேன், பாண்டு வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அமைச்சர்கிட்ட ஆரம்பிச்சேன், 'என்ன அடக்கம்'னு கட்டிப் பிடிச்சுக்கிட்டார். தபால் தலை போட்டாங்க. ரவுண்டானாவுல சிலை வச்சாங்க. பற்பசை விளம்பரத்துல சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"அந்தச் சிலையில மூக்கு உன்னுது மாதிரியே இல்லப்பா," என்று தளபதி சிரித்தார்.

பருந்து சிரிக்கவில்லை. "ஒல்லியை ஞாபகம் இருக்கா சார்?"

"இல்லாம? அன்னைக்கு உன்கூடப் பறந்தவன். எதிரி அவனைச் சுட்டான், அந்த எதிரியை நீ விரட்டிப் போய்ச் சுட்டே. ஊருக்கே தெரியுமே."

"ஒல்லியோட அம்மா வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுவாங்க. என் பதக்கத்தைக் கண்ணுல ஒத்திக்குவாங்க. 'என் பிள்ளையைக் கொன்னவனை விடாமச் சுட்டியே, இனிமே நீதான்டா என் பிள்ளை'ம்பாங்க. போன மாசம் செத்துப்போயிட்டாங்க. கடைசிக் காரியம் எல்லாம் நான்தான் செஞ்சேன்."

பருந்து கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அந்த மேகத்துல எதிரியே இல்ல சார். இருந்தது நாங்க ரெண்டு பேர்தான். ரேடியோவுல கூப்பிட்டேன், ஒல்லிகிட்டேர்ந்து பதிலே இல்ல. எதிர்ல நிழல் மாதிரி ஒண்ணு வந்துச்சு, சுட்டுட்டேன். விழும்போதுதான் வாலைப் பார்த்தேன். நம்ம சின்னம்."

பையிலிருந்து கையால் எழுதிய பத்துத் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதை அச்சுல போடப்போறேன். பதக்கத்தையும் திருப்பிக் குடுத்துடுவேன். என்ன தண்டனை குடுத்தாலும் சரி."

தளபதி தாள்களை எடுத்தார். ஒரு வரிகூடப் படிக்காமல் நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"விழுந்தது ஒரே விமானம்தான்னு அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். ரெண்டுன்னு அறிக்கை எழுதினதே நான்தான்."

"தெரிஞ்சுமா எனக்குப் பதக்கம் சிபாரிசு பண்ணீங்க?"

"பின்னே என்னப்பா?" தளபதி தேநீரை ஒரு வாய் குடித்தார். "உன்னைத் தண்டிச்சிருந்தா, 'ரேடியோ வேலை செய்யல சார்'னு காலையிலேயே வந்து சொன்ன ஒல்லியை, 'பரவாயில்ல, கிளம்பு'ன்னு அனுப்பினது யாருன்னு விசாரிச்சிருப்பாங்க, பதக்கம் குத்தினதால கைதட்டிட்டுப் போயிட்டாங்க."