அசையாமல் நின்றவன்

"ஏன்டா, சக்கரத்த மாட்டுடான்னா மரம் மாதிரி நின்னியாமே! நெசமா?"

முதலாளி போட்ட சத்தத்தில் கொட்டகையே அடங்கிப்போனது.

மெக்கானிக் ராக்கன் ஸ்பானரும் கையுமாக நின்றான்.

முப்பத்தெட்டாம் வருஷம். புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை போய்த் திரும்பும் கார் பந்தயம். ரெண்டு நடை. முதல் நடை முடிந்ததும் ஊர் எல்லைக் கொட்டகையில் வண்டி நிற்கும். பெட்ரோல் ஊற்றி, தேய்ந்த சக்கரத்தைக் கழற்றி, வேறு மாட்டி அனுப்ப வேண்டும்.

முதல் ஆளாக வந்து நின்ற முதலாளியின் வண்டி, மூன்றாவதாகத்தான் கிளம்பியது. கடைசிவரை மூன்றாவதுதான்.

"போட்டோ எடுக்குறாகன்னதும் அண்ணனுக்கு மாப்பிள்ள முறுக்கு வந்துருச்சுங்க," என்றான் ஜாக்கி பிடித்த முனியசாமி. "மீசையத் தடவாத கொறதான்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

போட்டோக்காரர் இன்னாசி சிரிக்கவில்லை. காமிராவின் கறுப்புத் துணியை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

ஆட்கள் வேலை செய்யும்போதே படம் பிடிக்க வேண்டும் என்று பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். அசைந்தால் படம் கலங்கிவிடும். "சக்கரம் மாட்டுறவரே, அசையாதீங்க!" என்று துணிக்குள்ளிருந்து கத்தியது அவர்தான். ஸ்டூடியோவில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். என்ஜின் இரைச்சலில் அது பக்கத்திலிருந்த ராக்கனுக்கு மட்டும்தான் கேட்டது.

போட்டோக்காரர் "ஆச்சு" என்று சொல்லும்வரை அசையக்கூடாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ராக்கன் அப்படியே நின்றான்.

இன்னாசி "ஆச்சு" சொல்ல மறந்து, அடுத்த படத்துக்கான கண்ணாடிப் பிளேட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போட்டோக்காரரே, நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? இவன் நின்னானா, இல்லையா?"

அடுத்த மாதம் முதலாளி மகளுக்குக் கல்யாணம். போட்டோவுக்கு இன்னாசிதான் என்று பேச்சு.

ராக்கன் அவரையே பார்த்தான்.

"நின்னாருங்க," என்றார் இன்னாசி.

பொய்யில்லை. ஆனாலும் தான் கத்தியதை விழுங்கிக்கொண்டார்.

"கேட்டியாடா? நாளையிலேருந்து ஷெட்டுப் பக்கம் தல காட்டாத!"

"ஐயா, புள்ளகுட்டிக்காரனுங்க..."

"அதப் போஸ் குடுக்கையில நெனச்சிருக்கணும். போடா!"

இப்போது முனியசாமிகூடச் சிரிக்கவில்லை.

ராக்கன் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

இன்னாசி ரோட்டில் ஓடிப்போய் அவனை எட்டிப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"ராக்கா, நில்லுய்யா. நீ வாயத் தொறந்திருந்தா எம் பொழப்புல மண்ணுதான். எம் பேர வெளிய விடாமக் காப்பாத்திட்டியே! இந்த மனசு யாருக்குய்யா வரும்? சேசு சாமி ஒன்னையக் கைவிட மாட்டாரு."

ராக்கன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"காப்பாத்தவெல்லாம் இல்லீங்கய்யா. நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குப் பழி போடுறான்னு இன்னும் நாலு வார்த்த ஏசுவாக. நீங்க சொன்னாத்தான் எடுபடும். அதான், இப்பச் சொல்லுவீக, இப்பச் சொல்லுவீகன்னு ஒங்க வாயவே பாத்துக்கிட்டு நின்னேன்."