விட்டுவைத்த பெட்டி

மாலை ஐந்தரை மணிக்கு ஒலி உரிமத் துறையின் வேன் வியாசர்பாடி குடியிருப்பின் வாசலில் வந்து நின்றது. உரிமம் பெற்ற ஒலிகளை மட்டுமே வாசிக்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. அதிகாரி வாகீசன், முற்றத்தில் இருந்த ஜெசிந்தாவின் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியிலிருந்து ஒலி எழுப்பும் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஃபில்டரை மட்டும் விட்டுவைத்தார்.

"அது வெறும் வடிகட்டிம்மா. உள்ள சத்தம் போனாத்தான் வெளிய வரும். வெச்சுக்குங்க."

மொட்டைமாடியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ஜெசி அக்கா, சேர்லாம் போட்டாச்சு. இன்னிக்கு வாசிப்பு உண்டா, இல்ல சாரே பாடப்போறாரா?"

"உண்டுடீ."

வாகீசன் சிரித்தார். "எதை வெச்சும்மா?"

ஜெசிந்தா ஃபில்டரை ஸ்பீக்கரோடு இணைத்தாள். அதற்குள் எந்த ஒலியையும் அனுப்பவில்லை. ஃபில்டரின் அதிர்வை அதற்குள்ளேயே திருப்பிவிடும் ரெசொனன்ஸ் குமிழை முழுதாகத் திருகினாள். ஃபில்டர் தானாகவே விசிலடிக்கத் தொடங்கியது. பக்கத்துக் குமிழை அசைத்தாள். விசில் ஏறியது, இறங்கியது, வளைந்து ஒரு மெட்டானது. மாடியில் கைதட்டினார்கள்.

வாகீசன் ஃபில்டரை நோக்கிக் கை நீட்டினார். ஜெசிந்தா குமிழிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். உள்ள ஒண்ணுமே போகலியே, எந்தச் சத்தத்து மேல கேஸ் போடுவீங்க?"