கோணல் நட்சத்திரம்

அக்கா கடித்த பிறகு டாக்டர் அலறினாரா, அவள் வாய் மூடுவதைப் பார்த்ததுமே அலறிவிட்டாரா என்பது எனக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை.

அலறல் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

வரிசையில் நின்ற பெலிசியானா அக்காவைச் சும்மா விடவில்லை.

"பெட்ரோனா, சதை எப்படிடி? உப்பு போதுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அக்காவுக்கு அடுத்த முறை என்னுடையது. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

டாக்டரும் அவருடைய சபைக்காரர்களும் வடக்கே ஒரு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார்கள். மழை விட்ட பிறகு ஒரு வாரம், வருடா வருடம். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டு, பிறகு பல், சாயங்காலம் பிரசங்கம். அன்று கடைசி நாள்.

அக்கா போனது கடைவாய்ப் பல்லுக்காக. அதை நன்றாகவே பிடுங்கினார். அதை மறைப்பது நியாயமில்லை.

பஞ்சை வைத்து அமுக்கிவிட்டு எழுப்பிவிட்டிருக்கலாம். எழுப்பவில்லை. விளக்கை இழுத்து, அவளுடைய முன்பல்லைத் தட்டிப் பார்த்தார்.

அதில் தங்கத் தகடு. தகட்டின் நடுவே நட்சத்திர வடிவில் ஒரு வெட்டு, அதற்குள் வெள்ளையாகப் பல். அக்கா சிரித்தால் நட்சத்திரம் தெரியும்.

கல்யாண வாரத்தில் சந்தைக்கு வந்த பல் கட்டுகிறவனிடம், அத்தான் கஸ்பாரும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டது அது. அவன் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே வெட்டாக வெட்டினான். கத்தி வழுக்கி, கீழ்முனை குட்டையாகிவிட்டது. அக்கா சண்டை போட்டாள். அத்தான்தான், "விடு, நம்மளுதுன்னு தெரியும்ல" என்றார்.

டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். குவாத்தமாலா நகரத்திலிருந்து அவர்களோடு வந்திருந்த எஸ்டேலா என்ற பெண் அதை ஸ்பானிஷில் சொன்னாள்.

"நல்ல பல்லுல யாரோ தகரம் அடிக்கற மாதிரி அடிச்சு வெச்சிருக்கானாம்மா. பாருங்க, கோணலா வேற இருக்கு. உள்ள அழுகிப் போகுமாம். காசு வேண்டாம், இப்பவே எடுத்துடறாராம்."

அக்கா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. எந்த நாட்டில் அப்படி ஆட்டினாலும் அது வேண்டாம்தான்.

"பயப்படாதீங்க. அதோட, இந்த மாதிரி மினுக்கெல்லாம் பெருமையாம். ஆண்டவருக்கு அது பிடிக்காதாம்."

சொல்லிவிட்டு எஸ்டேலா அக்காவின் தோளை அழுத்திப் பிடித்தாள். டாக்டர் புன்னகை மாறாமல் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். குறடு தகட்டின் ஓரத்தைப் பிடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போதுதான் அக்கா வாயை மூடினாள்.

கையை உதறிக்கொண்டு டாக்டர் பின்வாங்கினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். நீலச் சட்டைகள் நாற்காலியைச் சுற்றி நின்றன. ஒவ்வொருவராக அவள் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, உரக்க ஜெபித்தார்கள். அவளுக்குள் என்னவோ புகுந்துகொண்டதுபோல.

அக்கா கண்ணை மூடவில்லை. டாக்டரின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிபட்டதும் அந்தக் கைதான். ரப்பர் கையுறைக்குள் கல்யாண மோதிரம் மேடாகத் தெரிந்தது.

ஜெபம் முடிந்ததும் ரத்தப் பஞ்சைத் துப்பினாள்.

"அவர் விரல்ல இருக்கறத மொதல்ல கழட்டச் சொல்லு. அப்புறம் எம் பல்லுக்கு வரட்டும்."

எஸ்டேலா சிவந்துபோனாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, மூன்று நான்கு சொற்களில் ஏதோ சொன்னாள்.

டாக்டர் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஸ்பானிஷில் அக்காவிடம் சொன்னார்:

"நன்றியெல்லாம் எதுக்கு? பரவாயில்லை."

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. அவள் சொன்ன ஒரே வாக்கியம். அதையும் நன்றியாக மாற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

என் பல்லைக் காட்டாமலே அக்காவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வழியெல்லாம் அவள் நாக்கால் அந்தத் தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆடுகிறதா என்று. ஆடவில்லை.

மறுவருடம் நீலச் சட்டைகளுக்கு முன்பே, காணாமல் போனவர்களைத் தோண்டித் தேடுகிற வேறு சிலர் வந்தார்கள். பழைய ராணுவ முகாமுக்குப் பின்னால் குழியைத் திறந்தார்கள். வந்த எலும்புகளை நீலத் தார்ப்பாயில் வரிசையாக வைத்தார்கள். பல வருடம் முன்பு, சோளம் முற்றிய ஒரு மாதத்தில், அத்தானோடு சேர்த்து ராணுவ வண்டி ஏற்றிக்கொண்டு போன ஆண்களின் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

ஒரு மண்டையோட்டின் பல்லிலிருந்து, அங்கே வேலை செய்த பெண் தூரிகையால் மண்ணைத் தள்ளினாள். தங்கம் மின்னியது.

"இது யாருன்னு யாருக்காவது தெரியுமா?"

அக்கா தார்ப்பாயின் அருகே போய் மண்டியிட்டாள். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தாள்.

டாக்டர் இன்னும் இரண்டு வருடம் வந்தார், பிறகு வரவில்லை. எஸ்டேலா அந்த நீலச் சட்டைகளில் ஒருவரைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டாள். பெலிசியானா தன் கணவனை இன்னும் தேடுகிறாள். என் பல் தானாகவே விழுந்தது. அக்கா இருக்கிறாள், தகடும் இருக்கிறது.

அத்தான் ஊர்க் கல்லறையில், தன் பெயருக்குக் கீழே இருக்கிறார்.