இப்ப கூடினதோ?

மடிக்கணினிப் பொத்தான் ஒன்றின் ஓரத்தில் ஒட்டியிருந்த தேத்தண்ணிக் கறையை ஜெயரூபி நகத்தால் மெல்லச் சுரண்டினாள். பக்கத்தில் நின்ற மச்சாள் கீர்த்தனி அதைக் காணவில்லை. மடிக்கணினி கீர்த்தனியுடையது, கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ளும் சாமான்.

பத்து மணிக்குத் துறைமுகத்துக் கப்பல் கம்பனி ஒன்றின் வேலைக்கு இணையத்தில் தட்டச்சுப் பரீட்சை. கணினித் திரையோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருண்டு கிடந்தது. வெளிச்சம் கூட்டும் பொத்தானை எத்தனை தரம் அமத்தினாலும் அசையவில்லை. போன கிழமை அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்த சசிகரன், பட்டினத்துக் கடையில் இருந்தபடியே இணையத்தால் உள்ளே நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல் கைபேசியில் சத்தமாகக் கேட்டது.

"ஒரு ஹோட்டல்காரற்ற கணினி, உங்கட கணினி ரெண்டையும் ஒண்டாத் திறந்து வச்சிருக்கிறன், பொறுங்கோ அக்கா. வெளிச்சத்தை நூறில போட்டனான். இப்ப கூடினதோ?"

"இல்லைத் தம்பி."

"இப்ப?"

"அப்பிடியேதான் கிடக்கு."

"இங்க நம்பர் ஏறி இறங்குது. அப்ப பிழை லினக்ஸில இல்லை, சாமானிலதான். தண்ணி கிண்ணி பட்டதோ?"

ஜெயரூபிக்கு மச்சாளின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது.

"நேற்றுத் தேத்தண்ணி கொஞ்சம் சிந்தினது. துடைச்சனான்... சொல்லப் பயமாயிருந்தது மச்சாள்."

"கேட்ட உடன தந்தனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றாள் கீர்த்தனி. உடனே குசினிக்குள் போய்விட்டாள். நாலு பேச்சுப் பேசியிருந்தால்கூட ஜெயரூபிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப சரி, உள்ளுக்கு ஈரம் போயிட்டுது. இனி ஏலாது அக்கா," என்றான் சசிகரன்.

ஜெயரூபி கூனிக் குறுகிப்போனாள். ஒரு சாமானை ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதவளுக்குக் கப்பல் கம்பனி வேலை ஒரு கேடா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். 'பரீட்சைக்கு வர இயலாது, மன்னிக்கவும். வேறு யாருக்காவது இடத்தைக் கொடுங்கள்' என்று கைபேசியில் தட்டிக் கம்பனிக்கு அனுப்பினாள். 'நன்றி, அப்படியே செய்கிறோம்' என்று உடனே பதில் வந்தது.

சசிகரனின் அழைப்பைத் துண்டிக்க விரலைக் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்து அவன் கடையில் இன்னொரு தொலைபேசி அலறியது. அதை எடுத்த கிறிஸ்தோபர், அவனோடு வேலை செய்பவன், போட்ட சத்தம் இங்கே வரை தெளிவாகக் கேட்டது.

"டேய் சசி, நீ இவ்வளவு நேரமும் ஹோட்டல்காரற்ற திரையையடா கூட்டிக் குறைச்சிருக்கிறாய்!"